எம்ஆர்டியில் மானபங்கம்: சிங்கப்பூரில் தண்டனையை எதிர்த்து மேல்முறையீடு செய்வது எப்படி?

பேருந்திலோ எம்ஆர்டி ரயிலிலோ ஒரு பெண்ணை மானபங்கம் செய்ததாகக் குற்றம் உறுதியாகி, சிறை என்று நீதிபதி சொல்லிவிட்டார். உங்களுக்கோ, உங்கள் தம்பிக்கோ, டார்மிட்டரியில் பக்கத்துக் கட்டில்காரருக்கோ. அடுத்து என்ன என்று தேடிக்கொண்டு இங்கே வந்திருப்பீர்கள். நான் வக்கீல் இல்லை. தமிழ் ஆட்களுக்கு நீதிமன்றக் காகிதங்களை வாசித்துச் சொல்லும் வேலையைச் சில வருடங்களாக ஓய்வு நேரத்தில் செய்கிறேன். அதில் பார்த்தது, படித்தது எல்லாம் கீழே. வக்கீலிடம் போவதற்கு முன் என்ன கேட்கவேண்டும் என்று தெரிந்துகொள்ள இது போதும், வக்கீலுக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த விஷயத்தில் நான் பார்த்த குழப்பத்தில் பாதி இதிலிருந்துதான் வருகிறது. உயர் நீதிமன்றத்தில் கதையை மறுபடி முதலிலிருந்து கேட்கமாட்டார்கள். "ஐயா, என் நிலைமையைப் பாருங்கள்" என்று இன்னொரு முறை கெஞ்சும் இடமாக நினைத்துப் போனால் வெறுங்கையோடுதான் திரும்புவீர்கள். கீழ் நீதிபதி எந்த இடத்தில் தவறினார் என்று விரல் வைத்துக் காட்டவேண்டும். அதைக் காட்ட முடிந்தால் மேல்முறையீடு செய்யுங்கள், முடியாவிட்டால் ஏன் வேண்டாம் என்பதையும் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் நாட்களை எண்ணுங்கள்

தண்டனை சொன்ன தேதிக்குப் பிறகு 14 நாட்கள். அதற்குள் மேல்முறையீட்டு அறிவிப்பு நீதிமன்றப் பதிவகத்தில் போய்ச் சேர்ந்திருக்கவேண்டும். மார்ச் 3ஆம் தேதி தண்டனை என்றால் மார்ச் 17 கடைசி நாள். சனி, ஞாயிறைக் கழித்துவிட்டு எண்ணாதீர்கள்.

புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர் ஒருவர், தீர்ப்பின் எழுத்துப்பிரதி கைக்கு வந்தால்தான் நாள் ஓட ஆரம்பிக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி உட்கார்ந்திருந்தார். எழுத்துப்பிரதி அதற்குப் பிறகுதான் வரும், அதுவும் நீங்கள் அறிவிப்புக் கொடுத்தால்தான் நீதிபதி விரிவான காரணங்களை எழுதத் தொடங்குவார். அவர் என்னிடம் வந்தது இருபதாம் நாள்.

அறிவிப்பு சின்னக் காகிதம்தான். எந்தத் தீர்ப்பை எதிர்க்கிறீர்கள், குற்றத்தீர்ப்பையா, தண்டனையை மட்டுமா, இரண்டையுமா, உங்கள் முகவரி, கையெழுத்து. வாதம் எதையும் அதில் கொட்டவேண்டாம். சிறைக்குள் இருந்தால் சிறை அதிகாரியிடமே அறிவிப்பைக் கொடுக்கலாம், சட்டம் அதை அனுமதிக்கிறது. வீட்டார் வரட்டும், வக்கீல் வரட்டும் என்று உள்ளே காத்திருந்து நாளைத் தொலைக்காதீர்கள்.

14 நாள் தாண்டிவிட்டால் கதவு ஒரேயடியாக மூடிவிடாது. காலம் கடந்து மேல்முறையீடு செய்ய உயர் நீதிமன்றத்திடம் தனியாக அனுமதி கேட்கவேண்டும். எவ்வளவு தாமதம், ஏன் தாமதம், மேல்முறையீட்டில் ஏதாவது சாரம் இருக்கிறதா என்று மூன்றையும் பார்ப்பார்கள். "எனக்குத் தெரியாது" என்பது பெரிதாக எடுபடாது.

இன்னொன்று, அதே 14 நாள் அரசுத் தரப்புக்கும் உண்டு. தண்டனை குறைவு என்று அவர்களும் மேல்முறையீடு செய்யலாம்.

எதை எதிர்க்க முடியும்?

நீங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டீர்களா, விசாரணை நடத்தித் தோற்றீர்களா? எல்லாம் இதைப் பொறுத்தது.

விசாரணை நடந்து தீர்ப்பு வந்திருந்தால் குற்றத்தீர்ப்பையும் எதிர்க்கலாம், தண்டனையையும் எதிர்க்கலாம். ஒப்புக்கொண்டிருந்தால் தண்டனையின் அளவையும் அது சட்டப்படி சரியா என்பதையும் மட்டும்தான் எதிர்க்க முடியும். ஒப்புக்கொண்ட அன்று உண்மை விவரக் கூற்று என்று ஒரு காகிதத்தை வாசித்திருப்பார்கள், தமிழில் மொழிபெயர்த்தும் சொல்லியிருப்பார்கள், நீங்களும் "ஆமாம், நிபந்தனை இல்லாமல் ஏற்கிறேன்" என்று தலையாட்டியிருப்பீர்கள். அந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் இனி நடந்த உண்மை. "கூட்டத்தில் கை பட்டுவிட்டது, நான் வேண்டுமென்று செய்யவில்லை" என்று தண்டனை மேல்முறையீட்டில் ஆரம்பித்தால், உங்களுக்கு வருத்தமே இல்லை என்றுதான் நீதிபதி எடுத்துக்கொள்வார். கொஞ்சநஞ்சம் இருந்த நல்லபெயரும் போய்விடும்.

உண்மையிலேயே புரியாமல் ஒப்புக்கொண்டேன், விளைவு என்னவென்று யாரும் சொல்லவில்லை, மொழிபெயர்ப்பு தப்பாக இருந்தது என்றால் அது வேறு வழி. குற்றவியல் மறுஆய்வு என்று உயர் நீதிமன்றத்திடம் போகவேண்டும், கடுமையான அநீதி நடந்திருக்கிறது என்று காட்டவேண்டும். படி ரொம்ப உயரம். வக்கீல் இல்லாமல் அந்தப் பக்கம் போகவேண்டாம்.

உங்கள் தண்டனை எந்த இடத்தில் நிற்கிறது?

தண்டனைச் சட்டத்தின் 354ஆம் பிரிவு. முதல் உட்பிரிவின்படி, 2022 மார்ச் 1இலிருந்து உச்சம் 3 ஆண்டு சிறை, அதற்கு முன் 2 ஆண்டு. சிறை, அபராதம், பிரம்படி, இவற்றில் ஏதாவது ஒன்றோ சேர்த்தோ கொடுக்கலாம். பாதிக்கப்பட்டவர் 14 வயதுக்குக் கீழ் என்றால் இரண்டாவது உட்பிரிவு, உச்சம் 5 ஆண்டு. உங்கள் குற்றச்சாட்டுத் தாளில் எந்த உட்பிரிவு, சம்பவம் எந்தத் தேதி என்று இப்போதே எடுத்துப் பாருங்கள்.

அடுத்து 2018இல் உயர் நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்பு. வக்கீல்கள் அதை '[2018] எஸ்ஜிஎச்சி 9' என்று எண் சொல்லிக் குறிப்பிடுவார்கள். முதல் உட்பிரிவுக்கு மூன்று அடுக்குகளை அது வகுத்தது: 5 மாதத்துக்குக் குறைவு, 5 முதல் 15 மாதம், 15 முதல் 24 மாதம். கடுமையாக்கும் அம்சம் எதுவுமில்லை, அல்லது அதிகம்போனால் ஒன்று என்றால் முதல் அடுக்கு. இரண்டு அல்லது மேல் என்றால் நடு அடுக்கு. நிறைய என்றால் மேல் அடுக்கு. அந்த எண்கள் உச்சம் 2 ஆண்டாக இருந்த காலத்துக்கு அளந்தவை. 2022 மார்ச்சுக்குப் பிந்திய சம்பவத்துக்கு அவற்றை அப்படியே தூக்கிக்கொண்டு போய் "பாருங்கள், எனக்கு அதிகம்" என்று வாதாடக்கூடாது, உச்சவரம்பே ஏறிவிட்டது.

எதையெல்லாம் அம்சமாகப் பார்க்கிறார்கள்? எந்த உடல் பாகம், உடைக்கு மேலா உள்ளேயா, எவ்வளவு நேரம், எத்தனை முறை. திட்டமிட்டதா, பின்தொடர்ந்து போனதா, வன்முறை உண்டா, தூங்கிக்கொண்டிருந்தவரா, சின்னப்பிள்ளையா. அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று: தூக்கம் போனது, ரயில் ஏறப் பயம், சிகிச்சை. அதோடு பொதுப் போக்குவரத்து என்பதே உங்களுக்கு எதிராக நிற்கும். நெரிசலில் நகர இடமில்லாமல் நிற்கும் ஒருவரைத் தொட்டுவிட்டு அடுத்த நிலையத்தில் இறங்கி மறைந்துவிடலாம், பிடிப்பது கஷ்டம், தினமும் லட்சக்கணக்கானோர் நம்பி ஏறும் இடம், அதனால் மற்றவர்களுக்கும் எச்சரிக்கையாக இருக்கவேண்டும் என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. "ஒரு நொடிதான் தொட்டேன்" என்பவர்களுக்கும் சிறை வருவதற்கு இதுதான் காரணம். எனக்கு அதில் மாற்றுக்கருத்து இல்லை, இரவு பத்தரை மணி ரயிலில் என் மகளும்தான் வருகிறாள்.

ஒரு மாணவர் வழக்கு சொல்லும் பாடம்

பெயர் வேண்டாம், நடந்தது ஊருக்கே தெரியும். 2018 செப்டம்பரில் ஒரு பல்கலைக்கழக மாணவர் எம்ஆர்டியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் தொடையை இரண்டு முறை தொட்டார், பிறகு சிராங்கூன் நிலையத்தில் அவரைப் பின்தொடர்ந்து மின்படிக்கட்டில் மறுபடி தொட்டார். 2019இல் மாவட்ட நீதிமன்றம் 21 மாத நன்னடத்தைக் கண்காணிப்பு மட்டும் கொடுத்தது. அவருடைய நல்ல மதிப்பெண்களையும் நீதிபதி கணக்கில் எடுத்துக்கொண்டதால் ஊரே கொந்தளித்தது. அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. 2020 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் கண்காணிப்பை ரத்து செய்து இரண்டு வாரச் சிறை கொடுத்தது.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். 21 வயதைத் தாண்டியவருக்கு மறுவாழ்வுதான் முதன்மை என்று வாதாடவேண்டுமானால், திருந்தும் வாய்ப்பு மிக மிக வலுவாக இருப்பதைக் காட்டவேண்டும். அதைக் காட்டுவது உண்மையான வருத்தமும் மாறவேண்டும் என்ற முனைப்பும் அதற்குத் துணைநிற்கும் வீட்டுச் சூழலும்தான், நல்ல மதிப்பெண் மட்டும் அதைக் காட்டிவிடாது. இரண்டாவது, மேல்முறையீடு இருபக்கமும் வெட்டும். நீங்கள் மட்டும் மேல்முறையீடு செய்திருந்தாலும்கூட தண்டனையைக் கூட்ட உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அரசுத் தரப்பு கேட்காவிட்டாலும் கூட்டலாம். "கேட்டுப் பார்ப்போம், கிடைத்தால் லாபம், கிடைக்காவிட்டால் நட்டமில்லை" என்று காப்பிக் கடையில் சொல்பவர் பேச்சைக் கேட்டுப் போகாதீர்கள்.

சிறைக் கணக்கு: மேல்முறையீடு உங்களுக்குப் பயன்படுமா?

யாரும் உட்கார்ந்து போட்டுப் பார்க்காத கணக்கு இது. சிங்கப்பூரில் ஒழுங்காக இருந்தால் பொதுவாகத் தண்டனையில் மூன்றில் இரண்டு பங்குதான் உள்ளே, ஆனால் குறைந்தது 14 நாள் இருந்தாகவேண்டும். 6 வாரம் என்றால் 42 நாள், அதில் 28 நாள் உள்ளே. 3 வாரம் என்றால் 14 நாள். 2 வாரம் என்றால் முழு 14 நாளும்.

மேல்முறையீடு விசாரணைக்கு வர மாதங்கள் ஆகும். நீங்கள் சிறைக்குள் இருந்தபடியே 6 வாரத் தண்டனையை எதிர்த்தால், விசாரணைக்கு வரும்போது நீங்கள் வெளியே வந்து வேலை தேடிக்கொண்டிருப்பீர்கள். ஆகவே குட்டித் தண்டனைக்கு மேல்முறையீடு என்றால் பிணையும் தண்டனை நிறுத்திவைப்பும் கிடைத்தால்தான் அர்த்தம். அறிவிப்புக் கொடுத்ததாலேயே தண்டனை நிற்காது, கேட்டு வாங்கவேண்டும். ஏற்கனவே பிணையில் ஒழுங்காக இருந்தீர்களா, ஓடிப்போகும் அபாயம் உண்டா, தண்டனை முடிவதற்குள் மேல்முறையீடு வருமா, வாதத்தில் ஏதாவது உண்டா என்று பார்ப்பார்கள். குட்டித் தண்டனை, இங்கேயே குடும்பம் என்றால் வாய்ப்பு அதிகம். பிணையாளி தயாராக இருக்கவேண்டும், கடவுச்சீட்டு நீதிமன்றத்திடம் இருக்கும். பிரம்படி விதிக்கப்பட்டிருந்தால் மேல்முறையீடு முடியும்வரை அது நடக்காது.

பிணையில் வெளியே இருக்கும் மாதங்கள் தண்டனையில் கழியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தோற்றால் முதல் நாளிலிருந்து தொடங்கவேண்டும். ஆறு மாதம் நெஞ்சில் கல்லோடு இருந்துவிட்டு அப்புறம் உள்ளே போனவர்கள், அன்றைக்கே போயிருந்தால் இந்நேரம் முடிந்திருக்கும் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்.

சிலருக்கு உண்மையில் வேண்டியது கொஞ்சம் நேரம்தான்: வாடகை வீட்டைக் காலி செய்ய, அம்மாவின் அறுவைச் சிகிச்சை முடிய, பிள்ளையைத் தங்கையிடம் விட. அதற்கு மேல்முறையீடு தேவையில்லை. தண்டனை சொன்ன அன்றே, தொடங்கும் தேதியைச் சில வாரம் தள்ளிவைக்கும்படி நீதிபதியிடம் கேட்கலாம். பெரும்பாலும் காரணம் நியாயமாக இருந்தால் கொடுக்கிறார்கள்.

காகிதங்கள் வந்த பிறகு: மனு

அறிவிப்புக் கொடுத்தபின் கீழ் நீதிபதி தன் தீர்ப்புக்கான காரணங்களை எழுதுவார். அதுவும், நீதிமன்றத்தில் நடந்ததெல்லாம் அடங்கிய வழக்குப் பதிவேடும் உங்களுக்கு வந்து சேரும். சேர்ந்ததிலிருந்து மறுபடி ஒரு 14 நாள். அதற்குள் மேல்முறையீட்டு மனு போகவேண்டும். போகாவிட்டால் நீங்களே திரும்பப் பெற்றதாக எடுத்துக்கொள்வார்கள். இந்த இரண்டாவது கெடுவில் விழுந்தவர்கள் முதல் கெடுவில் விழுந்தவர்களைவிட அதிகம் என்பது என் அனுபவம். அறிவிப்புக் கொடுத்துவிட்டோம், அவர்களே கூப்பிடுவார்கள் என்று இருந்துவிடுகிறார்கள். முகவரி மாறியிருந்தால் உடனே தெரிவியுங்கள்.

மனுவில் எழுதாத காரணத்தை விசாரணை அன்று புதிதாகச் சொல்ல முடியாது, நீதிமன்றம் அனுமதித்தால்தான் உண்டு. எனவே காரணங்களின் வரிகளைப் பென்சிலை வைத்துக்கொண்டு படியுங்கள். மனு ஆங்கிலத்தில் இருக்கவேண்டும். தமிழில் யோசித்து எழுதிக்கொண்டு யாரையாவது ஆங்கிலப்படுத்தச் சொல்லுங்கள், ஆனால் ஆங்கிலம் தெரிந்தவர் தன் கருத்தைச் சேர்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உயர் நீதிமன்றம் நான்கு காரணங்களுக்குத்தான் தலையிடும். கீழ் நீதிபதி உண்மை விவரத்தையே தவறாக எடுத்துக்கொண்டார். தன்முன் இருந்த ஆவணம் எதையோ கவனிக்கவில்லை. சட்டக் கொள்கையில் தவறினார். அல்லது தண்டனை வெளிப்படையாகவே மிகை, அதாவது சின்னத் திருத்தம் போதாமல் பெரிய மாற்றம் செய்தாகவேண்டிய அளவு மிகை. ஆறு வாரத்தை ஐந்து வாரமாக்க உயர் நீதிமன்றம் பேனாவை எடுக்காது.

உண்மை விவரப் பிழையிலிருந்து தொடங்குகிறேன், இருப்பதிலேயே சுத்தமான காரணம் அதுதான். காரணங்களில் "மூன்று முறை தொட்டார்" என்று இருக்கிறது, ஆனால் நீங்கள் ஒப்புக்கொண்ட விவரக் கூற்றில் இரண்டு முறை என்றிருக்கிறது. "திட்டமிட்டு அதே பெட்டிக்கு மாறினார்" என்று எழுதியிருக்கிறார், அதற்குப் பதிவேட்டில் ஆதாரமே இல்லை. இப்படி ஒன்று கிடைத்தால் பக்க எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். மனுவில் "என் மேல் இரக்கமில்லாமல் தீர்ப்புச் சொன்னார்" என்று எழுதுவதும், "காரணங்களின் 14ஆம் பத்தியில் மூன்று முறை என்று உள்ளது, விவரக் கூற்றின் 6ஆம் பத்தியில் இரண்டு முறை என்றே உள்ளது, இந்தப் பிழை அடுக்கைத் தேர்ந்தெடுப்பதைப் பாதித்தது" என்று எழுதுவதும் ஒன்றா என்று நீங்களே பாருங்கள்.

கொள்கைப் பிழை என்றால் இப்படி: ஒரே அம்சத்தை இரண்டு முறை எண்ணிவிட்டார், உதாரணமாகப் பின்தொடர்ந்ததை அடுக்கைத் தேரும்போதும் சேர்த்து, பிறகு தனியாகவும் கூட்டிவிட்டார். அல்லது குற்றத்தை ஒப்புக்கொண்டதற்குக் கழிவே கொடுக்கவில்லை. 2023 அக்டோபர் 1இலிருந்து இதற்கு வழிகாட்டி நெறி இருக்கிறது: மிக ஆரம்பத்தில் ஒப்புக்கொண்டால் 30 விழுக்காடு வரை, தள்ளத் தள்ள 20, 10 என்று இறங்கி, விசாரணை தொடங்கிய பிறகு என்றால் 5 வரை. 'வரை' என்ற சொல்லைக் கவனியுங்கள், அது உரிமையாகக் கிடைக்கும் தள்ளுபடி இல்லை. ஆனாலும் எந்தக் கட்டத்தில் ஒப்புக்கொண்டீர்கள், நீதிபதி எவ்வளவு கழித்தார் என்று காரணங்களில் தேடுங்கள்.

50 வயதைத் தாண்டிய ஆணுக்கும் எந்த வயதுப் பெண்ணுக்கும் பிரம்படி கிடையாது. அதற்குப் பதிலாகக் கூடுதல் சிறை, 12 மாதம் வரை, கொடுக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் 2017இல் உயர் நீதிமன்றம் சொன்னது, தக்க காரணம் இருந்தால் தவிர அப்படிக் கூட்டவேண்டியதில்லை என்று. "பிரம்படிக்குப் பதில் இத்தனை வாரம்" என்று வெறுமனே சேர்த்திருந்தால் அது கேட்கவேண்டிய கேள்வி.

'வெளிப்படையான மிகை' என்று வாதாட ஒப்பிடத்தக்க வழக்குகள் வேண்டும். ஒரு தாளில் கோடு போட்டு எழுதுங்கள்: எந்தப் பாகம், உடைக்கு மேலா, எவ்வளவு நேரம், எத்தனை முறை, பழைய குற்றம் உண்டா, ஒப்புக்கொண்டாரா, தண்டனையை முடிவுசெய்யும்போது கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்ட வேறு குற்றச்சாட்டுகள் எத்தனை, என்ன தண்டனை. உங்கள் வழக்கை ஒரு வரியாகப் போட்டு, மற்றவற்றோடு பாருங்கள். நாளிதழ்ச் செய்தியை வெட்டிக்கொண்டு போகாதீர்கள், செய்தியில் பாதி விவரம் இருக்காது. உயர் நீதிமன்றம் எழுதிய தீர்ப்புகள்தான் எடைபோடும். உங்கள் வரி மற்றவற்றோடு ஒத்துப்போனால் அங்கேயே நிறுத்திவிட்டு யோசியுங்கள்.

எடுபடாதவை

வேலை போய்விடும், ஒர்க் பெர்மிட் ரத்தாகும், ஊரில் கடன், மனைவி மாசமாக இருக்கிறாள். இவை எல்லாம் உண்மை, எல்லாம் வலி, ஆனால் தண்டனையில் பெரிதாக அசைக்காது. குடும்பக் கஷ்டத்தை நீதிமன்றம் மிக அரிதான சூழலில்தான் எடையில் சேர்க்கிறது. குடித்திருந்தேன் என்பது உங்களுக்கு எதிராகவே போகும். கோயில் கமிட்டித் தலைவர் கொடுத்த நற்சான்றுக் கடிதம் ஒன்று போதும், பதினைந்து வேண்டாம்.

அந்தப் பெண் என்ன உடுத்தியிருந்தார், ஏன் கத்தவில்லை, ஏன் அடுத்த நிலையம்வரை சும்மா இருந்தார் என்று ஒரு வரிகூட மனுவில் இருக்கக்கூடாது. பயத்தில் உறைந்து நிற்பது சாதாரணம். அவரைத் தொடர்புகொண்டு மன்னிப்புக் கேட்கிறேன், சமாதானம் பேசுகிறேன் என்று யாரையும் அனுப்பாதீர்கள், அது புதிய குற்றமாக முடியலாம். அவரை அடையாளம் காட்டும் எதையும் வாட்ஸ்ஆப் குழுவில் போடாதீர்கள். மன்னிப்போ இழப்பீடோ வக்கீல் வழியாக, அரசுத் தரப்பு வழியாகத்தான்.

மனநல அறிக்கை

இதில் நம் ஆட்கள் இரண்டு கோடியில் நிற்கிறார்கள்: ஒன்று "எனக்குப் பைத்தியமா?" என்று கோபப்படுவார்கள், இல்லை கடைசி நேரத்தில் ஒரு தனியார் மருத்துவரிடம் போய் மன அழுத்தம் என்று சீட்டு வாங்கி வருவார்கள். அறிக்கை பயன்பட வேண்டுமானால், அந்த நோய் சம்பவத்தின்போது இருந்தது, சம்பவத்துக்கு அது ஒரு காரணம் என்று தொடர்பைக் காட்டவேண்டும். பொது இடத்தில் அந்நியரை உரசும் பழக்கத்துக்கே மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு, ஆனால் அந்தப் பெயரைச் சொன்னாலே தண்டனை குறையாது. கட்டாயச் சிகிச்சை ஆணை என்ற மாற்றுவழி சட்டத்தில் இருக்கிறது, அதற்கு மனநலக் கழக மருத்துவர் மூன்றை உறுதிப்படுத்தவேண்டும்: சிகிச்சைக்குக் கட்டுப்படும் நோய், சிகிச்சைக்குத் தகுந்த ஆள், நோய் குற்றத்துக்கு ஒரு காரணம். இதைக் கீழ் நீதிமன்றத்திலேயே எழுப்பியிருக்கவேண்டும். மேல்முறையீட்டில் புதிதாகக் கொண்டுவந்தால், இத்தனை நாள் ஏன் கொண்டுவரவில்லை, இது நம்பத்தக்கதா, முடிவை மாற்றுமா என்று கேட்டுத்தான் உள்ளே விடுவார்கள்.

யாரிடம் உதவி கேட்பது?

குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வசதி குறைந்தவர்களாக இருந்தால் குற்ற வழக்குகளில் வக்கீல் உதவி தரும், 2022 முதல் இயங்கும் பொதுத் தற்காப்பு அலுவலகத்தை அணுகலாம். தகுதிச் சோதனை உண்டு. புரோ போனோ எஸ்ஜியில் இலவச ஆலோசனை கேட்கலாம். ஒர்க் பெர்மிட்டில் இருக்கும் தொழிலாளர்கள் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவும் டிடபிள்யூசி2, ஹோம் போன்ற அமைப்புகளிடம் போய்க் கேளுங்கள். குறைந்தபட்சம் காகிதம் என்ன சொல்கிறது என்று யாராவது படித்துச் சொல்வார்கள். பெர்மிட்காரர்கள் இன்னொன்றையும் யோசிக்கவேண்டும், மேல்முறையீடு ஓடும் மாதங்களில் வேலை செய்ய முடியுமா, எங்கே தங்குவது, சாப்பாட்டுக்கு யார். தண்டனை முடிந்தபின் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது பெரும்பாலும் மாறாது. இரண்டு வாரத்துக்காக எட்டு மாதம் சம்பளமில்லாமல் காத்திருப்பது சரிதானா என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

நடுவில் மனம் மாறினால் மேல்முறையீட்டைத் திரும்பப் பெறலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை, காரணங்களைப் படித்தபிறகு திரும்பப் பெற்ற புத்திசாலிகளைப் பார்த்திருக்கிறேன்.

விசாரணை நாள்

மேல்முறையீடு உயர் நீதிமன்றத்தின் பொதுப் பிரிவில், பெரும்பாலும் ஒரு நீதிபதி முன் வரும். இடம் ஹேவ்லாக் ஸ்குவேரில் இருக்கும் அரசு நீதிமன்றம் அல்ல, சுப்ரீம் கோர்ட் லேனில் இருக்கும் உச்ச நீதிமன்றக் கட்டடம். இடம் மாறிப்போய் நின்றவர் உண்டு. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சாட்சி, குறுக்கு விசாரணை எதுவும் கிடையாது. நீதிபதி எல்லாக் காகிதத்தையும் படித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருப்பார். உங்கள் சிறந்த இரண்டு காரணங்களை முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லுங்கள். அவர் கேள்வி கேட்டால் பேச்சை நிறுத்திவிட்டு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். கேள்வி எதிராகத் தோன்றினாலும் அது ஒரு வாய்ப்பு, கவனிக்காத நீதிபதி கேள்வி கேட்கமாட்டார்.

பல சமயம் அன்றைக்கே முடிவு. அதற்குமேல் வழக்கமான மேல்முறையீடு இல்லை. பொதுநலன் சார்ந்த சட்டக் கேள்வி ஒன்று எழுந்திருந்தால் மட்டும் மேல்முறையீட்டு நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கலாம், "எனக்கு நான்கு வாரம் அதிகம்" என்பது அப்படிப்பட்ட கேள்வி ஆகாது.

பிணையில் இருப்பவர், தோற்றால் அங்கிருந்தே உள்ளே போகலாம் என்ற எண்ணத்தோடு வாருங்கள். தினமும் சாப்பிடும் மருந்தின் பெயர்ச்சீட்டைச் சட்டைப் பையில் வையுங்கள். வங்கி அட்டை, வீட்டுச் சாவி, கைப்பேசி மூன்றையும் கூட வருபவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே நுழையுங்கள், கைப்பேசியின் கடவு எண்ணையும் சொல்லிவிடுங்கள், ஊரிலிருந்து அம்மா கூப்பிடும்போது யாராவது எடுத்துப் பேசவேண்டும்.